கை மறித்த பின் ஒரு கரண்டி

லோக்கிச்சோக்கியோ, கென்யா
14.6.1998

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அருணா வணக்கமாக எழுதுவது.

பத்திரமாக வந்து சேர்ந்தேன். உடம்புக்குக் குறைவில்லை. அம்மா கட்டிக் கொடுத்த புளியோதரை நைரோபி வரைக்கும் கெடாமல் வந்தது. விமான நிலையத்தில் ஒரு அதிகாரி பொட்டலத்தைப் பிரித்து மோந்து பார்த்து, தும்மிவிட்டு, போ போ என்று கையைக் காட்டினார்.

இது எல்லையோரத்து ஊர். இங்கிருந்து சின்ன விமானத்தில் தெற்கு சூடானுக்குக் கூட்டிப்போவார்கள். அங்கே சண்டையும் நிற்கவில்லை, மழையும் பெய்யவில்லை. ஆடு மாடுகளை இழந்துவிட்டு ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தே முகாமுக்கு வருகிறார்களாம். எனக்குச் சமையல்கூடத்துப் பொறுப்பு. பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருநூறு பிள்ளைகளுக்குப் பொங்கிப் போட்டவள் என்று பெருமையாகச் சொன்னேன். "அங்க ரெண்டாயிரம்" என்றார்கள்.

சம்பளம் இல்லாத வேலைக்குக் கடல் தாண்டிப் போகிறாளே என்று நீங்கள் திட்டியதும், அப்புறம் நீங்களே பஸ் ஸ்டாண்டுக்கு வந்து பெட்டியைத் தூக்கி வைத்ததும் நினைப்பிலேயே இருக்கிறது அப்பா. அவர் விபத்தில் போன நாலு வருஷமாக நம் ஊரில் என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம் "பாவம்" என்றுதான் பார்த்தார்கள். இங்கே யாருக்கும் அது தெரியாது. இங்கே நான் சமையல்காரி. அது எனக்குப் பிடித்திருக்கிறது.

முகாமில் போன் கிடையாது. மூட்டை இறக்க வரும் விமானத்தில்தான் தபாலும் வரும். பதில் தாமதமானால் அம்மாவை அழவிடாதீர்கள். டிசம்பரில் வந்துவிடுவேன்.

உங்கள் மகள்
அருணாதேவி


அடி அண்ணாமலை
5.7.1998

என் கண்ணு அருணாவுக்கு அப்பா ஆதிமூலம் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம், நம்ம செவலைக் காளை உட்பட. உன் அம்மா தங்கம்மாளுக்கு முழங்கால் வலி வழக்கம்போல வாயில் ஜாஸ்தி, காலில் கம்மி. உன் தம்பி பிரகாஷ் வேங்கிக்காலில் மனை வாங்குகிறேன் என்று அலைகிறான். மழைதான் இல்லை. மாட்டுக்கு வைக்கோல் கிடைப்பதே பெரும்பாடாக இருக்கிறது.

வியாழக்கிழமை பௌர்ணமி. கிரிவலம் வருகிற கூட்டம் மாசத்துக்கு மாசம் ஏறிக்கொண்டே போகிறது. கோயிலுக்கு எதிரே நம் அன்னதானக் குழு பந்தல் போட்டாயிற்று. கண்ணாயிரம் விறகு இறக்கிவிட்டான். நீ இல்லாததால் பக்கத்து வீட்டுத் திரௌபதி சாம்பார் சாதம் கிளறப் போகிறாள். உப்பு போடுவாளா என்பது சாமிக்குத்தான் வெளிச்சம்.

நீ ரெண்டாயிரம் பேருக்குப் பொங்குகிறாய் என்று குழுவில் படித்துக் காட்டினேன். அர்ஜுனன் கேட்டான், "அங்கேயும் நம்மள மாதிரியே பரிமாறுதா அண்ணே உங்க பொண்ணு?" நான் சொன்னேன், "எங்க போனாலும் என் பொண்ணு கை மாறாதுடா." நம் பந்தலில் எது சட்டம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கை நீட்டினவனை இல்லை என்று அனுப்பக் கூடாது. போதும் என்று கையை மறித்த பிறகு போடுகிறோமே ஒரு கரண்டி, அதுதான் தானம். அதற்கு முன்னால் போட்டதெல்லாம் வெறும் சாப்பாடு.

அந்தப் பிள்ளைகளுக்கு அங்கே என்ன கொடுக்கிறீர்கள்? விவரமாக எழுது. ஊரார் பசியைப் பார்த்து நீ பட்டினி கிடக்காதே. வேளைக்கு வயிறாரச் சாப்பிடு.

அன்புடன் அப்பா


முகாம், தெற்கு சூடான்
26.7.1998

அன்புள்ள அப்பாவுக்கு அருணா எழுதுவது.

உங்கள் கடிதம் சோள மூட்டைகளோடு வந்து இறங்கியது. அம்மாவின் முழங்கால் சேதியைப் படித்துச் சிரித்தேன். இங்கே வந்த பிறகு சிரித்தது அதுதான். நான் சௌக்கியம். வெயில் நம் ஊர் வெயில்தான்.

என்ன கொடுக்கிறோம் என்று கேட்டீர்கள். இரண்டு கொட்டகை இருக்கிறது. பெரிய கொட்டகையில் ஓரளவு தேறிவிட்ட பிள்ளைகளும் அவர்கள் அம்மாக்களும். அவர்களுக்குச் சோளக் கஞ்சி, பயறு, எண்ணெய். அது என் பொறுப்பு. சின்னதுக்குப் பால் கொட்டகை என்று நானே பேர் வைத்திருக்கிறேன். எலும்பும் தோலுமாக வருகிற பிள்ளைகளை முதலில் அங்கேதான் சேர்ப்பார்கள். கையில் நிறம் நிறமாகக் கோடு போட்ட ஒரு பட்டையைச் சுற்றி அளக்கிறார்கள். சிவப்பில் நின்றால் பால் கொட்டகை. டம்ளரில் கால் பங்கு தண்ணீர்ப்பால், கொஞ்ச நேரம் விட்டு மறுபடி கால் டம்ளர். அவ்வளவுதான். பிள்ளை இன்னும் கேட்டு அழும். கொடுக்கக் கூடாது.

அங்கே நர்ஸ் வன்ஜிரு வைத்ததுதான் சட்டம். கென்யாக்காரி, பார்வையே கறார். "ரொம்ப நாள் பட்டினி கிடந்த உடம்பு. பாவம்னு ஒரேயடியா வயிறு நிறையப் போட்டா இதயம் தாங்காது, நின்னுடும்" என்று வந்த அன்றே என்னை உட்கார வைத்துச் சொன்னாள். மண்டைக்குப் புரிகிறது அப்பா. கைக்குப் புரியவில்லை. பசி என்று வாயைத் திறக்கிற பிள்ளைக்குச் சோறு கூடாது என்று நான் எங்கே படித்தேன்?

அங்கே மலுவால் என்று ஒரு பையன். இரண்டு வயசு என்கிறாள் அவன் அம்மா அச்சோல். தூக்கினால் காலி முறத்தைத் தூக்குகிற மாதிரி இருக்கிறது. மற்ற பிள்ளைகள் அழும். இவன் அழுவதில்லை. காலியான டம்ளரையே பார்த்துக்கொண்டிருப்பான், அப்புறம் என்னைப் பார்ப்பான். நான் கஞ்சி மணக்கிற கையோடு அந்தப் பக்கம் போவதையே குறைத்துக்கொண்டேன்.

அம்மாவை எண்ணெய் போட்டு வெந்நீர் ஊற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.

அருணா


அடி அண்ணாமலை
14.8.1998

அன்பு மகள் அருணாவுக்கு அப்பா.

நாங்கள் சுகம். நீ நன்றாக இருக்கிறாயா என்று இந்தத் தடவை கேட்கப் போவதில்லை. அந்தக் கடிதம் எழுதினவள் எப்படி நன்றாக இருப்பாள்?

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் அம்மா முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டாள். பசிக்கிற குழந்தைக்குக் கால் டம்ளர் அளந்து ஊற்றுகிறதா? அதற்கா நாலு தேசத்திலிருந்து ஆள் கூட்டிக்கொண்டு போனார்கள்? நர்ஸ் படித்தவளாக இருக்கலாம். எனக்குத் தெரிந்து பசியில் செத்தவன் உண்டு. சாப்பிட்டுச் செத்தவன் யார்? மூட்டையை மிச்சம் பிடிக்க ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். நானும் ரேஷன் கடை பார்த்தவன்தான்.

அருணா, நான் உன்னிடம் இதுவரை ஒன்றும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். வருகிற ஆவணிப் பௌர்ணமிக்கு நம் குழு பேரில் அங்கே ஒரு வேளை சாம்பார் சாதம் போடு. அம்மா கொடுத்த பொடி, புளி எல்லாம் உன்னிடம் இருக்கும். அரிசிக்கு ஏதாவது வழி பண்ணு. ஒரே ஒரு வேளை அந்த ஜனங்கள் வயிறு நிறைந்தது என்று நீ எழுத வேண்டும், அதை நான் பந்தலில் படிக்க வேண்டும். அந்தப் பையன், டம்ளரையே பார்க்கிறவன், அவனுக்கும்தான்.

செய்வாய் என்று தெரியும். என் பொண்ணு கை எனக்குத் தெரியாதா?

வேளைக்கு வயிறாரச் சாப்பிடு.

அப்பா


முகாம்
17.8.1998

அன்புள்ள அப்பா அம்மாவுக்கு அருணா.

உங்கள் பதில் இன்னும் வரவில்லை. விமானம் வராததால் நானே முந்திக்கொள்கிறேன். இங்கே சுகம். பிரகாஷுக்கு மனை அமைந்ததா?

ஒரு வேடிக்கை. மலுவால் என்றால் என்ன அர்த்தம் என்று மொழிபெயர்க்கிற பையனிடம் கேட்டேன். இந்த ஜனங்கள் மாடு என்றால் உயிரை விடுவார்கள், ஆண் பிள்ளைகளுக்கு மாட்டு நிறத்தைத்தான் பேராக வைப்பார்களாம். மலுவால் என்றால் செவலைக் காளை! நம் வீட்டிலும் ஒரு செவலை இருக்கிறது என்று சொன்னேன். அச்சோல் அதைக் கேட்டுச் சிரித்தாள். அவளிடம் பதினோரு மாடு இருந்ததாம், ஒவ்வொன்றின் பேரையும் சொன்னாள்.

பையனுக்கு நடுவில் வயிற்றுப்போக்கு வந்து, தேறினதெல்லாம் போய்விட்டது. மறுபடி சிவப்பு, மறுபடி கால் டம்ளர். ஆனால் இப்போது என்னை அடையாளம் தெரிகிறது. என் பழைய நூல் புடவை ஒன்றைக் கிழித்துக் கொட்டகைக் கம்பில் தூளி கட்டினேன். அச்சோல் முதலில் பயந்தாள், பிள்ளையைத் துணியில் கட்டித் தொங்கவிடுகிறாளே என்று. ஆட்டிக் காட்டினேன். தூங்கிவிட்டான். இப்போது தூளிக்கு வரிசை நிற்கிறார்கள்.

நேற்று அவன் என் விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பிடியில் பலமே இல்லை அப்பா. நான்தான் விடுவித்துக்கொள்ளவில்லை. இவன் பிழைத்து எழுந்து நடப்பதைப் பார்த்துவிட்டால் போதும், வேறு எதற்கும் நான் இங்கே வரவில்லை என்று தோன்றுகிறது.

அருணா


அடி அண்ணாமலை
7.9.1998

கண்ணு அருணாவுக்கு அப்பா ஆசீர்வாதம்.

வீட்டில் எல்லாரும் சுகம், சந்தோஷம். உன் தூளிக் கடிதம் முந்தாநாள் கிடைத்தது. உன் அம்மா அதை ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். நல்ல நூல் புடவையாக நாலு எடுத்து வைத்திருக்கிறாள், தூளிக்கு அனுப்பட்டுமா என்று கேட்கச் சொன்னாள். செவலையைப் பார்த்து, "டேய், உனக்குக் கடல் தாண்டி ஒரு அண்ணன் இருக்கான்டா" என்று சொல்லிவிட்டுத்தான் தண்ணீர் காட்டுகிறேன்.

நேற்று பௌர்ணமி. நீ அங்கே பரிமாறின நேரம் நான் இங்கே நம் கோயிலில் மலுவால் பேரில் அர்ச்சனை செய்தேன். குருக்கள் நட்சத்திரம் கேட்டார். எனக்கு என்ன தெரியும்? பேர் 'ம'வில் ஆரம்பிப்பதால் மக நட்சத்திரம், சிம்ம ராசி என்று அவரே வைத்துக்கொண்டார். "தீர்க்காயுசா இருக்கட்டும், பேரன் எந்த ஊர்ல இருக்கார்?" என்றார். வெளியூர் என்று சொல்லிவைத்தேன்.

இனி மாசா மாசம் இந்த அர்ச்சனை உண்டு. நீ போட்ட சோற்றைப் பற்றி எப்போது எழுதுவாய் என்று தபால்காரனை விரட்டிக்கொண்டிருக்கிறேன்.

வயிறாரச் சாப்பிடு.

அப்பா


முகாம்
9.9.1998

அன்புள்ள அப்பாவுக்கு.

நான் சுகம். எல்லாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நீங்கள் கேட்டபடி பௌர்ணமி அன்று செய்தேன். அரிசியும் பருப்பும் விமானி லோக்கிச்சோக்கியோவிலிருந்து கொண்டுவந்தார். பெரிய கொட்டகைக்கு மட்டும் என்று அனுமதி கொடுத்தார்கள். பால் கொட்டகைப் பக்கம் போகக் கூடாது என்று வன்ஜிரு நடுவில் கயிறு கட்டிவிட்டாள்.

அம்மா பொடியின் வாசனைக்கு எல்லாரும் முதலில் முகம் சுளித்தார்கள். அப்புறம் வரிசை குறையவே இல்லை. அச்சோலும் வந்தாள். அம்மாக்கள் சாப்பிடத் தடை இல்லை. சாப்பிட்டாள். இன்னொரு தடவை வந்து தட்டை நீட்டினாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. கை நீட்டினவரை இல்லை என்று அனுப்பவில்லை. தட்டு நிறைந்தது. நீங்கள் சொல்கிற அந்த ஒரு கரண்டியையும் மேலே போட்டேன். தோள் துணியால் தட்டை மூடிக்கொண்டு போனாள்.

எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டார்கள் அப்பா. குழுவில் படித்துக் காட்டுங்கள். எழுத வேறு ஒன்றும் இல்லை.

அருணா


அடி அண்ணாமலை
1.10.1998

என் தங்கத்துக்கு அப்பா ஆசீர்வாதம். நாங்கள் சுகமாக இருக்கிறோம் என்பதைவிட உச்சி குளிர்ந்துபோய் இருக்கிறோம் என்பதுதான் சரி.

உன் கடிதத்தை ஒரு தடவை இல்லை, கேட்கிறவர்களுக்கெல்லாம் படித்தேன். அர்ஜுனன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கண்ணாயிரம் சும்மா இருப்பானா? பெயிண்டரைக் கூட்டிவந்து நம் பந்தல் பலகையில் குழுப் பேருக்குக் கீழே "ஆப்பிரிக்காவிலும் அன்னதானம்" என்று சிவப்பில் எழுதிவிட்டான். கிரிவலம் போகிறவர்கள் நின்று படிக்கிறார்கள். வாத்தியார் ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

அந்த அச்சோல் சாமர்த்தியக்காரி! தட்டை மூடிக்கொண்டு போனாளே, பையனுக்குத்தானே? நர்ஸம்மா கயிறு கட்டினால் பெற்றவள் தாண்டாமல் இருப்பாளா? நீ நல்லது செய்தாய், கேட்காமல் போட்டாய். மலுவால் சாப்பிட்டானா? காரம் என்று அழுதானா? அதை எழுதாமல் விட்டுவிட்டாயே. அதுதானே எனக்கு முக்கியம். அடுத்த கடிதத்தில் அவனைப் பற்றி மட்டும் எழுது, வேறு எதுவும் வேண்டாம்.

திங்கட்கிழமை பௌர்ணமி. மக நட்சத்திரத்துக்கு அர்ச்சனைத் தட்டு சொல்லிவிட்டேன்.

வயிறாரச் சாப்பிடு.

அப்பா


முகாம்
24.10.1998

அன்புள்ள அப்பா அம்மாவுக்கு அருணா.

சௌக்கியம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இங்கே மழை பிடித்துவிட்டது, விமானம் இறங்க முடியாமல் சேறு. புதிதாக வருகிற ஜனங்கள் குறைந்திருக்கிறார்கள்.

என்னைச் சமையல்கூடத்திலிருந்து மாற்றிக் கிடங்கில் போட்டிருக்கிறார்கள். மூட்டை எண்ணுகிற வேலை. கஞ்சி கிண்டின கைவலிக்கு நல்லதுதான். வன்ஜிரு கேட்டுத்தான் மாற்றினார்கள். அவள் மேல் தப்பு இல்லை. ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை அவள். திட்டியிருந்தால் தேவலை.

தூளிக்குப் புடவை அனுப்ப வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

அப்பா, அந்த அர்ச்சனையும் வேண்டாம். இவர்கள் சாமி வேறு, நம் சாமி வேறு. அச்சோலுக்குத் தெரிந்தால் என்ன நினைப்பாளோ. தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

செவலை எப்படி இருக்கிறது? மழை பெய்ததா? பிரகாஷ் மனைக்குப் பத்திரம் பதிந்தானா? திரௌபதி அக்கா உப்பு சரியாகப் போடுகிறார்களா?

அருணா


அடி அண்ணாமலை
14.11.1998

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

நாங்கள் சுகம். மழை தூறிவிட்டுப் போனதோடு சரி. செவலைக்கு எப்படியோ தீனி புரட்டிவிடுகிறேன். திரௌபதியின் பசுதான் எலும்பு தெரிய நிற்கிறது. அவளால் வைக்கோல் வாங்க முடியவில்லை.

கிடங்கு வேலை கொடுத்தார்கள் என்றால் உன்மேல் நம்பிக்கை வந்துவிட்டது என்று அர்த்தம். நாணயமான ஆளிடம்தான் சாவி கொடுப்பார்கள். அதற்கு ஏன் இவ்வளவு சோர்வாக எழுதுகிறாய்? உடம்பு சரியில்லையா? மறைக்காதே.

அர்ச்சனையை நிறுத்தச் சொன்னாய். சாமிக்கு என்ன ஊர், ஜாதி? ஒரு பிள்ளைக்கு ஆயுசு கேட்டால் யார் கோபித்துக்கொள்வார்கள்? இந்த மாசமும் செய்தேன். உன்மேல் எனக்கு வருத்தம் ஒன்றுதான். கேட்டது ஒரு வரி. மலுவால் நடக்கிறானா? அந்த ஒரு வரியை எழுத உனக்கு ஏன் கை வரவில்லை?

தீபம் வருகிறது. அதற்கு அடுத்த வாரம் நீ வந்துவிடுவாய். உன் அறைக்கு வெள்ளை அடித்தாயிற்று. பிரகாஷ் மெட்ராஸுக்கே வந்து கூட்டி வருவான்.

வயிறாரச் சாப்பிடு.

அப்பா


முகாம்
28.11.1998

அன்புள்ள அப்பா அம்மாவுக்கு.

உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீங்கள் எல்லாரும் சுகமாக இருங்கள்.

நான் இப்போது வரவில்லை. இன்னும் ஆறு மாசம் இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். பந்தல் பலகையைத் தாண்டி வீட்டுக்கு வர வேண்டியிருக்கும், அதை நினைத்தால் முடியவில்லை.

அச்சோல் தன் ஊருக்குக் கிளம்பிவிட்டாள். போகும்போது கிடங்குக்கு வந்தாள். தூளிப் புடவையை மடித்துக் கக்கத்தில் வைத்திருந்தாள். அதை நானே அவளிடம் கொடுத்திருந்தேன். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னாள். மொழிபெயர்க்கிற பையன் சொல்ல வாயெடுத்தான். வேண்டாம் என்று நான் தடுத்துவிட்டேன். அவள் தனியாகத்தான் நடந்து போனாள்.

அருணா


அடி அண்ணாமலை
20.12.1998

அருணாவுக்கு அப்பா.

உன் அம்மா சுகம். நான் இருக்கிறேன்.

நாலைந்து தடவை எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன். இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

தீபத்துக்கு இந்த வருஷம் கூட்டம் சொல்லி மாளாது. பாதை நெடுக ஆளாளுக்குப் பந்தல் போட்டுச் சாப்பாடு போட்டார்கள். தின்ன ஆள் போதவில்லை. மறுநாள் காலையில் ரோட்டோரம் சோறு குவியல் குவியலாகக் கிடந்தது. நம் பந்தல் சாம்பார் சாதமும் அதில் உண்டு. திரௌபதியின் பசு கட்டின கயிற்றை அறுத்துக்கொண்டு போய் நம் குவியலில் வாயை வைத்துவிட்டது. நான் பார்த்தேன். விரட்டவில்லை. பாவம், பட்டினி கிடந்த மாடு, தின்னட்டும் என்று நின்றேன். மாட்டுக்குச் சோறு வைக்கக் கூடாது என்று தெரிந்தவன்தான். ஆனாலும் அது தின்ற வேகத்தைப் பார்த்தபோது கை எழவில்லை.

மத்தியானம் வயிறு உப்பிப் படுத்துவிட்டது. மாட்டு டாக்டர் வந்து எண்ணெய் ஊற்றினார், ஊசி போட்டார். "காய்ஞ்ச வயித்துல இவ்ளோ சோறு போனா எப்படிங்க தாங்கும்? பட்டினியில சாகறதவிட இப்படிச் சாகறதுதான் இந்தப் பக்கம் ஜாஸ்தி" என்றார். திரௌபதி அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "பசிச்சுதானே தின்னுச்சு சார், அது ஒரு தப்பா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது.

அங்கேயே எனக்குத் தெரிந்துவிட்டது அருணா. அந்த நர்ஸ் உன்னிடம் சொன்னதும் இதுதான், நீ எனக்கு எழுதினதும் இதுதான். வீட்டுக்கு வந்து உன் கடிதங்களை எடுத்து முதலிலிருந்து படித்தேன். ஆவணிப் பௌர்ணமிக்குப் பிறகு ஒன்றிலும் மலுவால் இல்லை. தூளிக்குப் புடவை வேண்டாம் என்றாய். அர்ச்சனை வேண்டாம் என்றாய். நான் மாடு மாதிரி முட்டி முட்டி, நடக்கிறானா, சாப்பிட்டானா என்று கேட்டேன். அப்புறம் உன் கடைசிக் கடிதம் வந்தது. அச்சோல் தனியாக நடந்தாள் என்று எழுதியிருந்தாய்.

நீ அவளிடம் யாருக்கு என்று கேட்காததற்கு நான்தான் காரணம். உனக்கு அங்கே ஒரு சட்டம் சொல்லிக் கொடுத்தார்கள். நான் இங்கிருந்து என் சட்டத்தை எழுதி அனுப்பினேன். நீ என் மகளாக இருந்தாய், அவ்வளவுதான் உன் தப்பு. யாருக்கு என்ன சொல்லி இதை மாற்ற முடியும் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அச்சோலுக்கு ஒரு கடிதம் போடக்கூட விலாசம் கிடையாது.

பலகையில் அந்த வரியைச் சுண்ணாம்பு அடித்து மறைத்துவிட்டேன். கண்ணாயிரம் சண்டைக்கு வந்தான், "ஏன்ணே, நல்ல பேர் வந்தது புடிக்கலியா?" என்று. நான் சுண்ணாம்பு வாளியைக் கழுவப் போய்விட்டேன். மழை பெய்தால் சுண்ணாம்பு கரைந்து சிவப்பு தெரிகிறது. மறுபடி அடிக்கிறேன். உன் அம்மாவிடமும் சொல்லவில்லை. அந்த நாலு புடவையையும் அவள் இன்னும் பெட்டியில் தனியாகத்தான் வைத்திருக்கிறாள்.

குழுவில் இருந்தும் விலகவில்லை. விலகினால் காரணம் சொல்ல வேண்டும். பந்தலுக்குப் போகிறேன், கரண்டியைப் பிடிக்கிறேன். எவனாவது போதும் என்று கையை மறித்தால் நிறுத்திவிடுகிறேன். "என்னா பெரியவரே, கை சின்னதாயிடுச்சு" என்கிறார்கள்.

நேற்று சாயங்காலம் கோயிலுக்குப் போனேன். அர்ச்சனைத் தட்டு எடுக்கப் போனார் குருக்கள். வேண்டாம், மோட்ச தீபம் ஏற்ற வேண்டும் என்றேன். பேர் கேட்டார். மலுவால், மக நட்சத்திரம், சிம்ம ராசி. அவர் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். மாசா மாசம் ஆயுசு கேட்டவன் ஆயிற்றே. "உங்களுக்கு என்ன உறவு?" என்று கேட்டார். பேரன் என்று சொல்ல எனக்கு அருகதை இல்லை.

"எங்க சோத்தைச் சாப்பிட்டவன்" என்றேன்.

நீ எதற்கும் பதில் எழுத வேண்டாம். எப்போது வர முடிகிறதோ அப்போது வா. நான் ஒன்றும் கேட்க மாட்டேன். எப்போதும் கடைசியில் எழுதுகிற அந்த வரியை இன்றைக்கு எழுதக் கை வரவில்லை.

அப்பா